யாருக்குப் பதில் சொல்வீர்கள்?

பத்துப் பன்னிரண்டு வருடம் வெப் வேலை பார்த்த ஒருவர், “வேலையை விடுகிறேன், இணையச் சமூகங்களைப் பற்றி ஆராய்ச்சி பண்ணப் போகிறேன்” என்று சொன்னால் இரண்டு பக்கமும் அடி விழும். ஆபீஸ் பக்கம்: “டேட்டா பூரா நம்மகிட்டதான் இருக்கு. அங்க போய் அப்படி என்னத்தக் கண்டுபிடிக்கப் போற?” பல்கலைக்கழகப் பக்கம்: “தொழில்லேர்ந்து வர்றவங்களுக்குத் தியரி தெரியாது. டூல் தெரியும், அவ்வளவுதான்.” வீட்டுப் பக்கமும் ஒன்று உண்டு. அது ஈஎம்ஐ பற்றியது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த முடிவை எடுத்தவர்கள் என் நட்பு வட்டத்தில் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் அதைவிட அதிகம். அவர்களுக்காகவும் அவர்களைக் கேலி செய்கிறவர்களுக்காகவும் சேர்த்தே இதை எழுதுகிறேன். போகலாம், போகவேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. யாரை ஆராய்கிறோமோ அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகப் போகவேண்டும். அந்தக் கடமை இல்லாமல் போனால், கம்பெனியில் பார்த்த அதே டேஷ்போர்டைத்தான் பல்கலைக்கழகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். சம்பளம் மட்டும் குறையும்.

1

முதலில் ஆபீஸ் பக்கத்துக் கேள்வி. டேட்டா நம்மிடம் இருக்கிறது என்பது உண்மைதான். ஒருவர் எத்தனை மணிக்கு வந்தார், எந்தப் பட்டனைத் தட்டினார், எத்தனை நொடி தயங்கினார், எப்போது போனார், எல்லாம் லாகில் இருக்கிறது. தினசரிப் பயனர் எண்ணிக்கை, ரிட்டென்ஷன், சர்ன் என்று மீட்டிங்கில் நாம் ஒப்பிக்கும் வார்த்தைகள் அதிலிருந்து பிறந்தவை. இவை பொய்யில்லை. ஆனால் இவை வாடிக்கையாளரைப் பற்றிய கணக்கு. சமூகத்தைப் பற்றிய கணக்கு வேறு மாதிரி. கல்யாண வீட்டில் எத்தனை இலை விழுந்தது என்று சமையல் காண்ட்ராக்டர் எண்ணுவார். யார் சாப்பிடாமல் கிளம்பிப் போனார் என்பதைப் பெண்வீட்டுப் பெரியப்பாதான் கவனிப்பார். நம் தொழில் காண்ட்ராக்டர்களால் நிறைந்தது. பெரியப்பாக்களுக்கு அதில் டெசிக்னேஷன் கிடையாது.

ஒரு உதாரணம். எந்த ப்ராடக்ட் மீட்டிங்கிலும் வருகிற விஷயம் இது: ஸ்பாம் அதிகமாகிவிட்டது, கண்டவன் வந்து கண்டதை எழுதிவிட்டுப் போகிறான், லாகினைக் கட்டாயமாக்கு. இதை யாரும் எதிர்க்கமாட்டார்கள். எதிர்த்தால் ஸ்பாமுக்கு ஆதரவாளன் ஆகிவிடுவோம்.

பெஞ்சமின் மாகோ ஹில், ஏரன் ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2021-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணக்கு இல்லாமலும் திருத்தலாம் என்று இருந்து, பிறகு கணக்குக் கட்டாயம் என்று மாறிய 136 விக்கிகளை எடுத்துக்கொண்டு, அந்த மாற்றத்தின் விளைவு என்ன என்று பார்த்தார்கள். குப்பை குறைந்தது. அதோடு சேர்ந்து நல்ல பங்களிப்பும் பெரிய அளவில் குறைந்தது.

இதை டேஷ்போர்டில் யோசித்துப் பாருங்கள். ஸ்பாம் கிராஃப் சடாரென்று கீழே இறங்கும். மீட்டிங்கில் கைதட்டுவார்கள். வந்திருக்கவேண்டிய நல்லவர் வரவில்லை என்பது எங்கேயும் பதிவாகாது. வராதவருக்கு டேபிளில் ரோ கிடையாது. அவரைத் தேடவேண்டும் என்றால், அவர் இருந்திருப்பார் என்று நினைக்கத் தெரிந்திருக்கவேண்டும். அந்த நினைப்பு எஸ்க்யூஎல்லில் வராது.

இந்த ஹில் யார் என்பது நம் விஷயத்துக்கு முக்கியம். ஆராய்ச்சிக்கு முன்பு அவர் கட்டற்ற மென்பொருள் ஆள். டெபியனில் பங்களித்தவர், உபுண்டு தொடங்கியபோது அதன் ஆரம்பக் குழுவில் இருந்தவர். பிறகு எம்ஐடியில் பிஎச்டி முடித்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். கூட எழுதிய ஷா சமூகவியல் படித்தவர். ஒருவர் உள்ளே இருந்து வந்தவர், இன்னொருவர் கேட்கும் முறையைக் கற்றவர். “டேட்டா எங்ககிட்ட இருக்கே” என்று நெஞ்சை நிமிர்த்தும் கம்பெனிகளிடம் இந்த ஜோடி இருக்கிறதா என்று பாருங்கள்.

இதே இருவரும் 2014-இல் 683 விக்கிகளை வைத்து இன்னொரு கேள்வி கேட்டார்கள். எல்லோரும் சமம் என்று தொடங்கும் இடங்களில் கடைசியில் யார் கையில் அதிகாரம் போய்ச் சேருகிறது? விடை சந்தோஷமானதில்லை. விக்கி வளர வளர, ஆரம்பத்தில் உருவான ஒரு சின்னக் கூட்டம் நிர்வாகத்தைப் பிடித்துக்கொள்கிறது, புதியவர்களின் பங்களிப்பை அதிகமாக நிராகரிக்கிறது. ஏதாவது ஒரு பெரிய கிட்ஹப் ப்ராஜெக்ட்டில் முதல் புல் ரிக்வெஸ்ட் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

ஆச்சரியம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கேள்வி டேட்டாவில் இருந்து முளைக்கவில்லை. ராபர்ட் மிஷெல்ஸ் என்ற சமூகவியலாளர் 1911-இல் ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியைப் பார்த்து எழுதிய புத்தகத்தில் இருந்து வந்தது. ஜனநாயகத்துக்காகத் தொடங்கப்பட்ட அமைப்புகூட வளர்ந்தால் ஒரு சிறு குழுவின் கைக்குள் போகும், இது இரும்பு விதி என்றார் அவர். நூறு வருடப் பழைய புத்தகம் தூசி தட்டிக் கொடுத்த கேள்வி அது. “தியரி வேலைக்கு ஆகாது” என்று சொல்லும் நம் ஆட்களைக் கேட்கிறேன்: 683 விக்கிகளின் முழு வரலாறும் உங்கள் சர்வரில் இருந்திருந்தால் இதைக் கேட்டிருப்பீர்களா? எங்கேஜ்மென்ட் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு டேபை மூடியிருப்பீர்கள்.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்லிவிட்டு இந்தப் பக்கத்தை முடிக்கிறேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுகிறவர்களின் எண்ணிக்கை 2007-ஐ ஒட்டி உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கத் தொடங்கியது. ஏன் என்று ஏரன் ஹாஃபேக்கரும் சக ஆய்வாளர்களும் 2013-இல் விளக்கினார்கள். விஷமத்தனமான திருத்தங்களைப் பிடிக்க பாட்களும் பாதி தானியங்கி டூல்களும் எழுதப்பட்டிருந்தன. அவை வேகமாகப் பிடித்தன. அந்த வேகத்தில், நல்ல எண்ணத்தோடு வந்து தெரியாமல் தப்பு செய்த புதியவர்களும் சேர்ந்து அடிபட்டார்கள். முதல் நாளே அடி வாங்கியவர் மறுநாள் ஏன் வருகிறார்?

ஒரு இன்ஜினியராக இதைப் படிக்கும்போது எனக்கு உறைப்பது இதுதான்: டூலில் பக் இல்லை. ஸ்பெக்கில் சொன்னதை அது செய்தது. ஸ்பெக்கில் “வரவேற்பு” என்று ஒரு வரி இல்லை, அவ்வளவுதான். அந்த வரி இல்லை என்பதை எந்த டெஸ்ட் கேஸும் காட்டாது. வெளியில் நின்று, வருடக்கணக்கில் பார்த்து, கேட்டு, எழுதும் ஒருவர்தான் காட்டுவார். அந்த வேலைக்குப் பெயர் ஆராய்ச்சி. அதை நம் ஆள் ஒருவர் செய்யப் போகிறேன் என்றால் வழியனுப்பி வைக்கவேண்டும்.

2

இப்போது மறுபக்கம். பல்கலைக்கழகம் என்றால் எல்லாம் சுத்தம் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை வேண்டும்.

2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் என்ன தெரியவேண்டும் என்பது மாற்றியமைக்கப்பட்டது. சிலருக்குச் சந்தோஷமான பதிவுகள் குறைக்கப்பட்டன, சிலருக்குச் சோகமான பதிவுகள் குறைக்கப்பட்டன. அதைப் பார்த்தபின் அவர்கள் எழுதும் சொற்கள் மாறுகின்றனவா என்று எண்ணினார்கள். கம்பெனி ஆய்வாளரும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2014-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த ஆறு லட்சத்துச் சொச்சம் பேரிடம் யாரும் கேட்கவில்லை. கணக்குத் தொடங்கும்போது படிக்காமல் டிக் அடித்த விதிமுறைகள்தான் சம்மதமாம். ஆராய்ச்சி என்ற பெயரில் நடந்ததும் வழக்கமான ஏ/பி டெஸ்ட்தான். டெஸ்ட்டுக்கு மேல் ஒரு ஆய்விதழின் முத்திரை.

2020-இல் மினசோட்டா பல்கலைக்கழகம். லினக்ஸ் கர்னலுக்குள் ஓட்டையை ஒளித்துவைத்த பேட்ச்களை அனுப்பினால் பராமரிப்பாளர்கள் கண்டுபிடிப்பார்களா என்று சோதித்தார்கள். சோதிக்கப்படுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு, இது மனிதர்கள் மீதான ஆய்வே இல்லை என்று விலக்கு அளித்திருந்தது. பேட்ச்சைப் படித்து, யோசித்து, பதில் எழுதுகிறவர்கள் பின்னே யாராம்? விஷயம் வெளியே வந்து, 2021 ஏப்ரலில் கர்னலின் முக்கியப் பராமரிப்பாளர் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளையே தடை செய்தார். அங்கிருந்து முன்னால் வந்த பேட்ச்களை எல்லாம் மறுபடி உட்கார்ந்து பரிசோதிக்கவேண்டியதாயிற்று. கட்டுரை எழுதியவர்கள் உருவாக்கிய வேலையை, அந்தக் கட்டுரையில் பெயர்கூட வராதவர்கள் செய்து முடித்தார்கள்.

2025-இல் சூரிக் பல்கலைக்கழகம். ரெடிட்டில் ‘சேஞ்ச் மை வியூ’ என்று ஒரு குழு உண்டு. தன் கருத்தை முன்வைத்து, முடிந்தால் மாற்றுங்கள் பார்ப்போம் என்று மற்றவர்களை அழைக்கும் இடம். சொந்த நம்பிக்கையை மேசைமேல் வைப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும், எதிரில் இருப்பதும் மனிதர்தான் என்ற நம்பிக்கை வேண்டும். சூரிக் ஆய்வாளர்கள் அங்கே செயற்கை நுண்ணறிவை மனித வேடத்தில் இறக்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதில்கள். அதில் ஒரு கணக்கு, பாலியல் வன்முறைக்கு உள்ளான ஒருவராகப் பேசியது. குழுவை நடத்தும் தன்னார்வலர்களுக்கு எல்லாம் முடிந்தபிறகுதான் தெரிவிக்கப்பட்டது. எதிர்ப்பு வெடித்தபின் முடிவுகளை வெளியிடுவதில்லை என்று ஆய்வாளர்கள் பின்வாங்கினார்கள். ஆனால் அந்தக் குழுவில் இனி ஒருவர் தன் காயத்தைப் பற்றி எழுதினால், “நீ நிஜமா மனுஷன்தானா?” என்று இன்னொருவர் மனதுக்குள்ளாவது கேட்பார். அதை எந்தக் கமிட்டி திருப்பி வாங்கித் தரும்?

இந்த மூன்றிலும் டெக்னிக்கல் திறமைக்குக் குறைவில்லை. தியரியும் இருந்தது. இல்லாமல் போனது ஒன்றுதான். முடிவை எடுத்துக்கொண்டுபோய் அந்த மனிதர்கள் முன்னால் நின்று, “உங்களை வைத்து இதைச் செய்தோம், இதைக் கண்டோம்” என்று சொல்லவேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. கம்பெனிக்காரர் முதலீட்டாளருக்குப் பதில் சொல்கிறார். ஆய்வாளர் ஆய்விதழுக்குப் பதில் சொல்கிறார். நடுவில் இருக்கும் சமூகம் இரண்டு பேருக்கும் கச்சாப்பொருள்.

3

கண்காணிப்பவர் யாருக்குப் பதில் சொல்லவேண்டும் என்பது இன்டர்நெட்டோடு பிறந்த கேள்வி இல்லை. எலினார் ஆஸ்ட்ரம் பொதுச்சொத்துகளைப் பற்றி 1990-இல் எழுதிய புத்தகம் புகழ்பெற்றது. அந்த ஆராய்ச்சிக்காகத்தான் 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால், மீன்பிடிப்பகுதி போன்றவற்றை ஊர் மக்களே நீண்ட காலம் சீரழியாமல் நிர்வகித்த இடங்களை ஒப்பிட்டு, அவற்றில் பொதுவாக இருக்கும் எட்டு அம்சங்களைச் சொன்னார். அதில் ஒன்று இது: கண்காணிப்பவர்கள், பயன்படுத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும், அல்லது பயன்படுத்துகிறவர்களில் ஒருவராக இருக்கவேண்டும்.

நம் ஊர் ஏரிப்பாசனத்தில் நீர்ப்பாய்ச்சி என்றும் நீர்கட்டி என்றும் ஒருவர் இருந்தார், சில ஊர்களில் இப்போதும் இருக்கிறார். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துப் பகிர்கிறவர். ஊர் அவருக்கு நெல்லாகக் கூலி கொடுத்தது. அந்த ஏற்பாட்டில் சாதி இருந்தது, பெரும்பாலும் நிலமில்லாதவர்களே அதைச் செய்தார்கள், இனிப்புத் தடவிப் பேசவேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. தண்ணீரை அளந்தவர் அளந்த கையோடு வரப்பில் நடந்து வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. கடைமடைக்காரர் அவரை வழியிலேயே நிறுத்தி, “ஏன்யா என் வயலுக்கு வரல?” என்று கேட்க முடிந்தது. நம் டேஷ்போர்டை அளப்பவரை யார் வழியில் நிறுத்துவது?

“சமூகத்துக்குப் பதில் சொல்லணும்னா, அவங்களுக்குப் பிடிச்சதைத்தானே எழுதணும்? அப்புறம் எங்க நடுநிலை?” என்று ஒரு கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி. மேலே சொன்ன 683 விக்கி ஆய்வைத் திரும்பப் பாருங்கள். திறந்த பங்களிப்பில் நம்பிக்கை உள்ளவர், அந்த இயக்கத்திலேயே வளர்ந்தவர், அதன் முகத்துக்கு நேரே “உங்கள் இடங்கள் சிலர் கைக்குள் போய்க்கொண்டிருக்கின்றன” என்று எழுதினார். பதில் சொல்வது என்றால் தலையாட்டுவது என்று பொருள் இல்லை. கசப்பானதைச் சொல்லிவிட்டு, எதிர்க்கேள்வி வரும்வரை அங்கேயே நிற்பது. ஓடிப்போகும் வசதி இல்லாதவர் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுவார். நடுநிலைக்கு அதைவிட நல்ல காவல் எனக்குத் தெரிந்து இல்லை.

இப்படிச் செய்யமுடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஜே. நேதன் மத்தியாஸ் மொபைல் கீபோர்டு செய்யும் ஒரு ஸ்டார்ட்அப்பில் வேலை பார்த்தவர். பிறகு எம்ஐடியில் ஆராய்ச்சிக்குப் போனார், இப்போது கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். ஒரு கோடிக்கும் மேல் சந்தாதாரர்கள் கொண்ட ரெடிட்டின் அறிவியல் குழுவில் அவர் செய்த பரிசோதனை 2019-இல் வெளியானது. அந்தக் குழுவை நடத்தும் தன்னார்வலர்களோடு சேர்ந்தே செய்தார். கேள்வி எளிமையானது: விவாதத்தின் தலைப்பிலேயே குழுவின் விதிகளை ஒட்டிவைத்தால் என்ன ஆகும்? விதியைக் கண்டால் புதியவர்கள் மிரண்டு ஓடுவார்கள் என்று நினைப்பது இயல்பு. 2,190 விவாதங்களில் சோதித்துப் பார்த்ததில், புதியவர்கள் விதியை மதித்து எழுதுவது 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. புதியவர்களின் பங்கேற்பும் சராசரியாக 70 சதவீதம் அதிகரித்தது. இங்கே என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பயம் போய், பேசத் தைரியம் வருகிறது போல.

சூரிக் ஆட்கள் போனதும் ரெடிட்டுக்குத்தான். மத்தியாஸ் போனதும் ரெடிட்டுக்குத்தான். இரண்டுமே பரிசோதனைதான், இரண்டிலும் எண்கள் உண்டு. ஒருவருடைய வேலை முடிந்தபோது அந்தக் குழுவை நடத்துகிறவர்கள் கையில் நாளை முதல் பயன்படுத்தக்கூடிய ஒரு விஷயம் மிஞ்சியது. இன்னொருவருடைய வேலை முடிந்தபோது சந்தேகம் மிஞ்சியது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனதுதான் வித்தியாசம்.

4

இதற்கிடையே கம்பெனிகள் கதவைச் சாத்திக்கொண்டிருக்கின்றன. 2023-இல் ட்விட்டர் தன் இலவச ஏபிஐ வாசலை மூடியது. அதே வருடம் ரெடிட் தன் ஏபிஐக்கு விலை வைத்தது. ஜூன் மாதம் ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவடைப்புச் செய்து எதிர்த்துப் பார்த்தன, விலை இறங்கவில்லை. ஃபேஸ்புக்கில் எது எப்படிப் பரவுகிறது என்று பார்க்க ஆய்வாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் இருந்த க்ரௌட்டேங்கிள் கருவியை மெட்டா 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. மொத்தமாக அள்ளிவந்து எண்ணும் ஆராய்ச்சிக்கு இது பேரிடி. “இனிமே எங்க போறது?” என்று புலம்பும் ஆய்வாளர்களைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். நம்மைச் சுற்றி மக்கள் இப்போது கூடுவது எங்கே? அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழு, பள்ளி நண்பர்கள் குழு, கோயில் திருவிழாக் கமிட்டிக் குழு, ஸ்விக்கி ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் குழு, முதல்முறை அம்மாவானவர்களின் குழு. வாட்ஸப்பின் உரையாடல்கள் 2016-இலிருந்து முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டவை. யார் எப்போது யாரோடு பேசினார் என்பது கம்பெனிக்குத் தெரியலாம். என்ன பேசினார்கள் என்பது அதன் சர்வரில் படிக்கக் கிடைக்காது. ஏபிஐ கிடையாது, ஸ்க்ரேப் பண்ணமுடியாது. அங்கே நுழைய ஒரே வழி, உறுப்பினராக இருப்பது, அல்லது உறுப்பினர்களிடம் அனுமதி கேட்பது. கேட்டுவிட்டுச் செய் என்பது இத்தனை நாள் நெறிமுறையாக மட்டும் இருந்தது. இனி அதுவே செய்முறையும்கூட. கேட்கத் தெரியாதவருக்கு இனிமேல் ஆராய எதுவும் கிடைக்காது.

இந்த இடத்தில்தான் வெப் வேலையில் இருந்து வருகிறவருக்கு ஒரு பலம் இருக்கிறது. ஒரு குழுவில் ஃபார்வர்ட் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் சண்டை எப்படி மாறும், அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றினால் யார் மௌனமாவார்கள், நோட்டிஃபிகேஷன் சத்தம் ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். அந்தப் பட்டனை ஏன் அங்கே வைத்தார்கள் என்று மீட்டிங்கில் உட்கார்ந்து கேட்டவர் அவர். சமூகவியல் துறையில் அந்த அறிவு கிடைப்பது கஷ்டம். பதிலுக்கு அவர் இரண்டை விட்டுவிட்டு வரவேண்டும். ஒன்று, ‘நம்ம யூஸர்ஸ்’ என்ற சொந்தம். அவர்கள் நம்முடையவர்கள் அல்லர், அவர்கள் இடத்துக்கு நாம் போகிறோம். இரண்டாவது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எதையாவது ரிலீஸ் பண்ணியே ஆகவேண்டும் என்ற அவசரம். ஒரு குழுவில் ஏன் பெண்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள் என்ற கேள்விக்கு ஸ்ப்ரின்ட் முடிவதற்குள் விடை கிடைக்காது. போனவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பேசவேண்டும். சிலர் பேசமாட்டார்கள். அதுவும் விடைதான்.

5

ஈஎம்ஐக்கு வருகிறேன். இந்தியாவில் முழுநேர ஆய்வு மாணவருக்கு ஜேஆர்எஃப் கிடைத்தால், 2023 ஜனவரி முதல் நிர்ணயிக்கப்பட்ட தொகை மாதம் 37,000 ரூபாய். அதுவும் தேர்வு எழுதி வென்றவர்களுக்கு. முப்பத்தைந்து வயதில், சென்னையில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு, ஒரு குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு இருப்பவரிடம், “சமூகத்துக்காக இதில் வாழ்” என்று சொல்ல எனக்கு வாய் வராது. பகுதிநேர பிஎச்டி செய்யலாம் என்று யுஜிசியின் 2022 விதிமுறைகள் அனுமதிக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் அதற்கு வேலை செய்யும் நிறுவனத்திடம் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் வாங்கிவரவேண்டும். வங்கி ஊழியர் இலக்கியத்தில் ஆய்வு செய்ய இது பெரிய பிரச்சனை இல்லை. ஆனால் ஒரு சமூக வலைத்தள நிறுவனத்தில் வேலை செய்கிறவர், அப்படிப்பட்ட நிறுவனங்கள் மனிதர்களை என்ன செய்கின்றன என்று ஆராய, அதே நிறுவனத்திடம் போய்க் கடிதம் கேட்கவேண்டும். மானேஜர் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அதனால் நான் கேட்பது பல்கலைக்கழகங்களிடமும்தான். இந்தத் துறையில் அனுபவம் என்பதை ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் ஒரு குழுவை நடத்தியவர், ஸ்பாம் நீக்கியவர், இரவு 2 மணிக்கு இரண்டு பேருக்கு நடுவில் சமாதானம் பேசியவர் வந்தால், “உங்கள் முதுகலை எந்தத் துறை?” என்ற கேள்வியை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் “உங்கள் குழுவில் உங்களுக்குப் புரியாமலே போன விஷயம் எது?” என்று கேளுங்கள். ஆராய்ச்சிக்கேள்வி அந்தப் பதிலில் இருக்கும்.

தமிழில் இதற்கு ஒரு அவசரமும் இருக்கிறது. இணையத்தில் தமிழைக் கொண்டுவந்தவர்களில் பலர் தமிழ்த்துறைக்காரர்கள் இல்லை. மதுரைத் திட்டத்தை 1998 பொங்கலன்று தொடங்கிய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியல் விஞ்ஞானி. முகம் பார்த்திராத மனிதர்கள் பல நாடுகளில் இருந்து சம்பளம் இல்லாமல் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, சங்கப் பாடல்களில் தொடங்கி இந்தக் காலம் வரை ஏற்றினார்கள். எழுத்துருக் குறியாக்கம் எப்படி இருக்கவேண்டும், விசைப்பலகை எப்படி இருக்கவேண்டும் என்று சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, ஐரோப்பா என்று சிதறிக் கிடந்தவர்கள் மின்மடலில் மல்லுக்கட்டினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா. நீங்கள் இதை ஃபோனில் படிக்க முடிகிறது என்றால் அந்தச் சண்டைகளுக்கும் சமாதானங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அந்த உரையாடல்கள் நடந்த இடங்கள் பலவும் இன்று இல்லை. ஆர்க்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுள் ப்ளஸ் 2019 ஏப்ரலில். யாஹூ குழுமங்கள், பழைய மடல்களை அழிக்கப் போவதாக 2019-இல் அறிவித்து, 2020 டிசம்பரில் மொத்தமாக இழுத்து மூடின. கம்பெனிக்கு அது சர்வர் செலவு. நமக்கு அது ஒரு மொழி கணினிக்குள் குடியேறிய கதை. அந்தக் கதையின் மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். வயதாகிவிட்டது. பழைய ஹார்ட் டிஸ்கில், சிடியில், மறந்துபோன பாஸ்வேர்டுக்குப் பின்னால் மடல்கள் இருக்கின்றன. எத்தனை இலை விழுந்தது என்பது அதில் ஓரளவு கிடைத்துவிடும். யார் கோபித்துக்கொண்டு போனார், யார் கூப்பிட்டுக்கொண்டு வந்தார், யாருடைய வேலை பெயரில்லாமலே போச்சு என்பதை அவர்கள் வாயால்தான் கேட்கவேண்டும். இன்னும் பதினைந்து வருடம் கழித்து யாரிடம் கேட்பது?

இதற்குப் போகிறவர் அந்த மடல்களை “பப்ளிக் டேட்டா” என்று அள்ளிக்கொண்டு வந்துவிடக் கூடாது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒருவர் கோபத்தில் எழுதியது இன்று அவருடைய பேரப்பிள்ளை தேடினால் கிடைக்கும் தூரத்தில் இருக்கிறது. அவரிடம் கேளுங்கள். இதை எடுத்தாளலாமா, பெயரோடா, பெயரில்லாமலா? வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்தக் கட்டுரையில் ஒரு பத்தி குறையும், பரவாயில்லை.

வாசிக்கிற உங்களில் பலர் ஆராய்ச்சிக்குப் போகமாட்டீர்கள். ஆனால் எல்லோரும் ஏதாவது ஒரு குழுவில் இருக்கிறீர்கள். சீக்கிரமே யாராவது ஒருவர் லிங்கோடு வந்து நிற்பார்: “உங்கள் குழுவைப் பற்றி ஒரு ஆய்வு செய்கிறேன், ஐந்து நிமிடம்தான் ஆகும்.” அவர் எந்தப் பல்கலைக்கழகம், எந்தக் கம்பெனி, என்ன படித்தார் என்று விசாரிப்பது உங்கள் விருப்பம். அதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: “எழுதி முடிச்சதும் இங்க வந்து எங்க எல்லார் முன்னாடியும் அதைப் படிச்சுக் காட்டுவீங்களா?” ஆமாம் என்றால் உட்காரச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் என்ன, ஒரு சாயங்காலமே கொடுக்கலாம். மழுப்பினால் லிங்க்கைத் தொடவேண்டாம்.